ஊசிக்கல் மலைக்கு ஏறிய வெண்கலப் பானை

வெகு காலத்துக்கு முன்னே, மாந்துறை நாட்டைக் கொற்றவேலன் என்றொரு ராஜா ஆண்டு வந்தார். மழை பெய்தால் குடையைத் திட்டுவார், வெயில் அடித்தால் மந்திரியைத் திட்டுவார். மற்றபடி தங்கமான மனிதர்.

ஒரு நாள் அவருக்குப் பல்வலி வந்தது. எதிரிப் படை வந்தபோதுகூட அவர் அப்படி அலறியதில்லை. "ஊசிக்கல் மலை அம்மா! வலி தீர்ந்தால் நடந்தே உன் உச்சிக்கு வருகிறேன். என் பானையை நானே சுமந்து, என் கையாலேயே பொங்கல் வைக்கிறேன்!" என்று வேண்டிக்கொண்டார். மறுநாள் பல் விழுந்தது. வலி போயிற்று, நேர்த்திக்கடன் மட்டும் நின்றது.

இப்போது எந்தப் பானையைச் சுமப்பது? மடைப்பள்ளி அதிகாரி ஆராவமுதர் முன்னால் வந்தார். இவர் பிறந்ததிலிருந்து ஓர் அடுப்பை ஊதியதில்லை. ஆனால் அடுப்பைப் பற்றி மூன்று நாழிகை மூச்சு விடாமல் பேசுவார். இரண்டு பேர் திணறிக்கொண்டு ஒரு வெண்கலப் பானையையும், யாளி முகம் வைத்த இரும்பு அடுப்பையும் சபையில் இறக்கினார்கள்.

"பிரபு, ஏழு நாள் புளி போட்டுத் துலக்கியது. அடிப்பாகத்தில் முகம் பார்க்கலாம்!"

"பானைக்கு அடியில் படுத்து யாரய்யா முகம் பார்ப்பது?" என்றபடி ராஜா அதைத் தூக்கிப் பார்த்தார். பானை கொஞ்சம்தான் அசைந்தது, இடுப்பு நிறையவே அசைந்தது. "அந்த மலைக்கு அடிக்கடி போகிற ஆள் யாராவது இருந்தால் கூட்டி வாருங்கள்!" என்று கத்தினார்.

சடைச்சி வந்தாள். வாரம் ஒரு முறை உப்பு மூட்டையோடு ஊசிக்கல் மலை ஏறி, மலையூர்களில் விற்றுப் பிழைப்பவள். பையிலிருந்து ஒரு சின்னச் செப்புச் சட்டியை எடுத்து வைத்தாள். மெல்லிய தகட்டில் அடித்தது. வெளியே எல்லாம் கரி. அதன் மூடிதான் அவளுக்குச் சாப்பாட்டுத் தட்டு. கூடவே மடக்கி வைக்கும் சிறு முக்காலி ஒன்றும், காற்றை மறைக்க ஒரு தகடும். அவளுடைய மடைப்பள்ளி மொத்தமும் அவ்வளவுதான்.

"சீச்சீ! இந்தக் கரிச்சட்டியையா நம் ராஜா சுமப்பது? கௌரவம் என்று ஒன்று வேண்டாமா?" என்றார் ஆராவமுதர்.

"வேணும் சாமி. அந்தக் கௌரவத்தை யார் சுமக்குறதுங்கறதுதான் கேள்வி."

சபை சிரித்தது. ஆராவமுதர் ராஜாவின் பக்கம் திரும்பினார். "பிரபு, போட்டி வையுங்கள்! இவள் தோற்றால் அந்த மலைப்பாதையில் இனி இவள் கால் படக் கூடாது!"

ராஜாவுக்குப் போட்டி என்றால் பாயசம் மாதிரி. உடனே தலையாட்டிவிட்டார். அந்தப் பாதை போனால் சடைச்சிக்குச் சோறு போச்சு. இருந்தாலும் கைகூப்பி, "ஒண்ணே ஒண்ணு மகாராசா. யார் எந்தப் பானையைச் சொல்றாங்களோ, அவங்களே அதைச் சுமந்து ஏறணும். மகாராசா முதுகுக்கு ஆகுமான்னு முதல்ல அவங்க முதுகுல பார்த்துக்கலாமே?" என்றாள்.

"பலே!" என்று ராஜா கைதட்டினார். "உச்சியில் மரமே கிடையாது. விறகையும் அவரவரே சுமக்க வேண்டும். எனக்கு முதலில் சோறு போடுகிறவர் ஜெயித்தார்!" ஆராவமுதர் பானையை ஒரு முறை தள்ளிப் பார்த்தார்.

மறுநாள் விடிந்ததும் ஏறினார்கள். ராஜா பல்லக்கில் வந்தார். நேர்த்திக்கடன் இன்றைக்கு இல்லை என்று இரண்டு முறை விளக்கமும் சொன்னார். ஆராவமுதர் முதுகில் பானையும் அடுப்பும் ஏறிய பிறகு விறகுக்கு இடமில்லை. கௌரவத்துக்காக நாலு சந்தனக் குச்சிகளைச் செருகிக்கொண்டார். சடைச்சியோ அரிசியைச் சட்டித் தண்ணீரில் போட்டு, மூடியைத் துணியால் இறுகக் கட்டி, ஒரு கட்டுக் காய்ந்த சுள்ளியோடு நடந்தாள்.

உச்சியில் ஆளைத் தள்ளும் காற்று. சடைச்சி ஒரு பாறை மறைவில் முக்காலியை விரித்துச் சட்டியை ஏற்றினாள். சுற்றித் தகட்டை வளைத்து, சுள்ளியைப் பற்றவைத்தாள். சீக்கிரமே மூடி தடதடத்தது. பாதி நாள் ஊறிய அரிசி, நாலு கொதியில் மலர்ந்துவிட்டது.

ராஜா மூடியில் சோறு வாங்கி இரண்டாம் கவளம் விழுங்கும்போது ஆராவமுதர் தவழ்ந்து வந்து சேர்ந்தார். பானையை ஏற்றித் தீ மூட்டினார். கமகமவென்று சந்தனம் மணந்தது. குச்சிகள் நாலும் சாம்பலான பிறகும் பானை குளிர்ந்தே இருந்தது.

"மோசடி, பிரபு! அரிசியை ஊறவைத்துக் கொண்டுவந்திருக்கிறாள்! அந்தக் கரியிலும் ஏதோ மாயம் இருக்கிறது!"

"நாம நடக்கும்போது அரிசி மட்டும் சும்மா வரணுமா சாமி? கரி பிடிச்ச சட்டி சூட்டை வாங்கிக்கும், பளபளப்பு திருப்பி விட்டுடும். மெல்லிசா இருந்தா சின்னத் தீ போதும். உங்க பானை, வர்ற சூட்டை எல்லாம் முதல்ல தானே தின்னுடுது. மிச்சம் இருந்தாத்தான் தண்ணிக்கு."

"அடடே, அப்படியே என் மடைப்பள்ளி!" என்றார் ராஜா. "சடைச்சி, உன் சட்டிக்குத் தங்கத்தில் கவசம் போடச் சொல்கிறேன்!"

"ஐயோ, வேணாம் மகாராசா, கனம் கூடிடும். என் பாதையை யாரும் பறிக்கக் கூடாதுன்னு ஓர் ஓலை குடுங்க, போதும்."

அங்கேயே ஓலை எழுதி முத்திரை வைத்துக் கொடுத்தார். அவள் அதை வாங்கி மடியில் செருகிக்கொண்டாள்.

"சரி, நேர்த்திக்கடனுக்கு நான் ஏறும்போது வேறு எதைக் குறைக்கலாம்?"

"தானும் நடக்காம, சமைக்கவும் தெரியாம, அடுத்தவன் முதுகுல வர்றது எதுவா இருந்தாலும் கீழேயே விட்டுடுங்க மகாராசா."

ராஜா மெல்லத் திரும்பி ஆராவமுதரைப் பார்த்தார். பல்லக்குத் தூக்கிகள் எட்டுப் பேரும் மெல்லத் திரும்பி ராஜாவைப் பார்த்தார்கள்.

ராஜா கனைத்துக்கொண்டார். எழுந்தார். பல்லக்கைத் தாண்டி நடந்தே இறங்கத் தொடங்கினார். நாலடி போய் நின்று, கால் நீட்டிப் படுத்திருந்த அதிகாரியைக் கூப்பிட்டார்.

"ஆராவமுதரே, பானையைத் தூக்கிக்கொண்டு இறங்கும். வழியெல்லாம் சரிவு. கௌரவம் சிந்திவிடாமல் பார்த்து வாரும்!"