குருவம்மாவின் கோப முகம்

தேக்கங்காட்டுக் குளத்தின் ஓரத்தில் ஒரு பெரிய பாறை. அதன் அடியில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வளைகள். ஒன்றில் பொம்மி என்கிற கீரி குடியிருந்தாள். இன்னொன்றில் குருவம்மா என்கிற முள்ளம்பன்றி.

மழை ஓய்ந்ததும் குருவம்மா செத்துப்போனாள். வயதானவள்தான். நோய் நொடி என்று கிடக்கவில்லை, யாருக்கும் சிரமம் கொடுக்கவில்லை. படுத்தவள் எழுந்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

குருவம்மா எப்படிப்பட்டவள் என்று அந்தக் காட்டில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்.

“அப்பப்பா! வாயா அது!”

குளத்துக்குப் போகிற பாதை பாறைக்கு முன்னால் வளைந்து போகும். பாதைக்கும் பாறைக்கும் நடுவில் ஒரு புதைசேறு. மற்ற மாதங்களில் சேறு சேறாகவே தெரியும், ஒதுங்கிப் போய்விடலாம். தேக்கு இலை உதிர்க்க ஆரம்பித்துவிட்டால் போச்சு! முறம் முறமாக இலை விழுந்து சேற்றை மூடிவிடும். எது தரை, எது சேறு என்று அந்த ஆண்டவனுக்கே தெரியாது.

அப்போது குருவம்மா சேற்றோரத்தில் வந்து உட்காருவாள். முள்ளையெல்லாம் சிலிர்த்துக்கொண்டு வாயைத் திறப்பாள்.

“ஏ எருமை! கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு? நில்லுடி அங்கேயே! ஓரமாப் போ!”

திட்டு வாங்கியவர்கள் முணுமுணுத்துக்கொண்டே ஓரமாகப் போவார்கள். அதனால் சேற்றில் விழுந்தவர் என்று ஒருவர்கூட இல்லை. யாரும் விழாததால் இலைக்கு அடியில் சேறு ஒன்று இருப்பதே பாதிப் பேருக்கு மறந்துபோனது. குருவம்மாவின் வாய் மட்டும் நினைவிருந்தது. உலகம் அப்படித்தானே!

இப்போது மறுபடியும் இலை உதிர ஆரம்பித்தது. சேற்றோரம் காலியாகக் கிடந்தது.

பொம்மிக்கு மனசு கேட்கவில்லை. அவளே போய் அந்த இடத்தில் நின்றுகொண்டு கத்திப் பார்த்தாள். “நில்லுங்க! ஓரமாப் போங்க!” கீரியின் குரல் எவ்வளவு தூரம் கேட்கும்? “யாரோ சீட்டியடிக்கிற மாதிரி இருக்கே!” என்று சொல்லிவிட்டு மரகதம் என்கிற மான் நேராக வந்தாள். பொம்மி அவள் காலைக் கட்டிக்கொண்டு தொங்கி நிறுத்த வேண்டியதாயிற்று. எத்தனை காலைத்தான் கட்டிக்கொண்டு தொங்குவது?

‘அக்கா இருந்திருந்தா ஒரு அதட்டு போதுமே’ என்று நினைத்ததும் பொம்மிக்கு அழுகை வந்துவிட்டது. அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டபோது அவளுக்கு ஒரு வழி தோன்றியது.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது இறந்துபோனால், இலை உதிர்கிற காலத்தில் அவர்களுடைய படத்தைப் பாறையில் வரைவார்கள். பிறகு ஒரு நாள் எல்லாரும் கூடிப் பூப்போட்டுக் கும்பிடுவார்கள். படத்தை வரைய வேண்டியவர் பக்கத்து வளைக்காரர். தினமும் முகத்தில் விழித்தவருக்குத்தானே முகம் தெரியும்!

“நான் வரையறேன் அக்கா. நீ எப்படி இருந்தியோ அப்படியே வரையறேன். காடே பாத்துப் பயந்து ஓரமாப் போகட்டும்!” என்றாள் பொம்மி.

செம்மண்ணைக் குழைத்தாள். கரியை அரைத்தாள். குளத்தோரத்து வெள்ளை மண்ணைக் கொண்டுவந்தாள். வேலம் பிசினைக் கலந்தாள். தூரிகை தேட வேண்டியதே இல்லை, வால் இருக்கிறதே! பாறையின் நடுவில் விரலகலத்துக்கு ஒரு விளிம்பு ஓடும். அதில் தொற்றிக்கொண்டு, வாலை வண்ணத்தில் தோய்த்துத் தோய்த்து வரைய ஆரம்பித்தாள்.

திறந்தவெளியில் வரைவது லேசுப்பட்ட வேலையா? காற்று ஒரு பக்கம் தள்ளியது. வெயில் ஒரு பக்கம் வறுத்தது. ஈர வண்ணத்தின் மேல் தேக்கிலை வந்து அப்பிக்கொண்டது. பிய்த்தால் வண்ணமும் சேர்ந்து வந்தது. மூக்கை வரைந்தால் மூக்கின் மேல் ஓர் இலை. கண்ணை வரைந்தால் கண்ணின் மேல் ஓர் இலை. பொம்மி ஒவ்வொன்றையும் பிய்த்துப் போட்டுவிட்டு மறுபடி வரைந்தாள். பசித்தபோது ஓர் ஓணானைப் பிடித்து விழுங்கிவிட்டு மறுபடி வந்தாள்.

ஒருவழியாகப் படம் முடிந்தது. பாறை நிறைய குருவம்மா! சிலிர்த்து நிற்கிற முள், உருட்டி விழிக்கிற கண், அகலத் திறந்த வாய், உள்ளே பெரிய பெரிய பல். பார்த்தவர்களுக்கு அடுத்த நொடியே திட்டு விழும் போல இருந்தது. பொம்மிக்கே ஒரு கணம் தூக்கிவாரிப்போட்டது.

“அக்கா!” என்றாள். நெஞ்சு நிறைந்துவிட்டது.

சேதி பரவிக் காடே வேடிக்கை பார்க்க வந்தது. முன்னால் வந்தது சிங்காரம் என்கிற மயில். காட்டில் நல்லது கெட்டது எது நடந்தாலும் தோகையை விரித்துக்கொண்டு தலைமை தாங்குவது அவன்தான்.

“ஐயையோ! என்ன அநியாயம் பண்ணி வச்சிருக்கே, பொம்மி?” என்றான் சிங்காரம்.

“ஏண்ணே? அக்கா மாதிரி இல்லையா?”

“அதானே தப்பு! அப்படியே அவளா இருக்கு! செத்தவங்களை இப்படியா வரைவாங்க? வெளிக்காட்டுலேருந்து வர்றவங்க என்ன நினைப்பாங்க? போனவங்க படம்னா லட்சணமா, சிரிச்ச முகமா இருக்க வேண்டாமா?”

“அவ சிரிச்சு நான் பாத்ததே இல்லையே அண்ணே!”

“உயிரோட இருந்தப்ப சிரிக்கலைன்னா என்ன? இப்பவாவது சிரிக்கட்டும்!” என்றது மரத்தின் மேலிருந்து ஒரு குரல். கருத்தான் என்கிற குரங்கு. எல்லாரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

பொம்மிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

“முள்ளம்பன்றி ராத்திரி முழிச்சுப் பகல்ல தூங்கற சாதி, தெரியுமில்ல? இலை விழற மாசம் பூரா அவ பகல் தூக்கத்தை விட்டுட்டு இந்த வெயில்ல வந்து உக்காந்தா. யாருக்காக? நீங்க சேத்துல விழுந்து சாகக் கூடாதுன்னுதான்! தூக்கமில்லாதவ சிடுசிடுன்னு இருக்காம சிரிச்சுக்கிட்டா இருப்பா? அந்தக் கோபத்தை அழிச்சா அவளையே அழிச்ச மாதிரி!”

“சேறு எங்கே இருக்குன்னு எங்களுக்குத் தெரியாதா? பொறந்து வளர்ந்த இடம்!” என்று சொல்லிவிட்டு, சிங்காரம் தோகையைக் குளத்தில் நனைத்தான். விளிம்பில் பறந்து உட்கார்ந்தான். தோகையால் பாறையைத் துடைத்தே விட்டான்!

பொம்மி விட்டுவிடவில்லை. எல்லாரும் போனதும் மறுபடி கரியை அரைத்தாள். மறுபடி வரைந்தாள்.

சிங்காரம் மறுபடி துடைத்தான்.

அவள் மறுபடி வரைந்தாள். செம்மண் ஊறி ஊறி அவள் வால் முடி கொட்டத் தொடங்கியது. “பிடிச்சா ஒரே பிடியா இருக்காளே!” என்று கருத்தான் தலையில் அடித்துக்கொண்டான். கடைசியில் அவனுடைய கூட்டமே பாறை உச்சியில் காவல் உட்கார்ந்தது. பொம்மி வாலைத் தூக்கினால் போதும், மேலிருந்து விளாங்காய் வந்து விழுந்தது. அவளால் கிட்டவே போக முடியவில்லை. வளைக்குள் போய்ப் படுத்துக்கொண்டு குமுறினாள்.

சிங்காரம் படம் வரைந்தான். உருண்டை முகம், படிய வாரிய முள், இதழோரத்தில் ஒரு புன்னகை. கழுத்தில் ஒரு மாலைகூடப் போட்டான். அது குருவம்மா என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள்.

அதோடு விட்டானா? ‘துயரத்தில் வாடும் சிங்காரம்’ என்று தெரிய வேண்டாமா? ஓரத்தில் தன் முகத்தையும் வரைந்துகொண்டான். அதைப் பார்த்துவிட்டுக் கருத்தான், “அண்ணே, என் மூஞ்சி?” என்றான். மரகதம், “நான் மட்டும் துயரத்துல வாடலையா?” என்றாள். முயல் வந்தது, கரடி வந்தது, குளத்துத் தவளைகூட வந்தது. வந்தவர் முகத்தையெல்லாம் வரைந்து வரைந்து, நடுவில் குருவம்மா நெல்லிக்காய் அளவுக்குச் சுருங்கிவிட்டாள்.

பூப்போடுகிற நாள் வந்தது. அதற்குள் தேக்கு முழுக்க இலை உதிர்த்திருந்தது. பாதையும் சேறும் ஒன்றாய், பழுப்பு ஜமுக்காளம் விரித்த மாதிரி கிடந்தன. ஊர்வலம் பாதையில் வந்து நின்றது. பொம்மியும் வளையைவிட்டு வெளியே வந்து ஓரமாக நின்றாள்.

“என் மூஞ்சி எங்கே? இங்கேருந்து தெரியலையே!” என்றாள் மரகதம்.

“உன்னோடது இடப்பக்கம், தவளைக்குக் கீழே. கிட்ட வந்து பாரு, காட்டறேன்!” என்றான் சிங்காரம். தோகையை விரித்துக்கொண்டு, பாறையைப் பார்த்தபடி ராஜநடை நடந்தான்.

“அண்ணே, வேண்டாம்! சேறு!” என்று பொம்மி கத்தினாள். யார் காதில் விழுந்தது?

நாலு எட்டு வைத்தான். ‘சளக்’ என்று ஒரு சத்தம். கால் உள்ளே போனது. பறக்கலாம் என்று இறக்கையை அடித்தான். சேற்றில் நனைந்த தோகை கல்லாய்க் கனத்தது. வயிறு வரை போய்விட்டது.

“ஐயோ! காப்பாத்துங்க!” என்று அலறினான்.

அவ்வளவுதான்! பின்னால் நின்ற கூட்டம் அத்தனையும் அவனைத் தூக்க ஒரே ஓட்டமாகப் பாய்ந்தது. மரகதம் முன்னால். அவள் பின்னால் கரடி. நல்ல மனசுதான், யார் இல்லை என்றார்கள்? ஆனால் இன்னும் நாலு பாய்ச்சலில் காடே சேற்றுக்குள் இருக்கும்!

பொம்மி அவர்கள் முன்னால் குதித்தாள். உடம்பில் இருந்த முடியையெல்லாம் சிலிர்த்தாள். பல்லைக் காட்டினாள். அவளுக்குள்ளிருந்து எப்படித்தான் வந்ததோ அந்தக் குரல்!

“ஏ எருமை! கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு? நில்லுடி அங்கேயே!”

மரகதம் சட்டென்று நின்றாள். கரடி நின்றது. முயல் பயத்தில் உட்கார்ந்தே விட்டது. இத்தனை வருஷம் திட்டு வாங்கிய கால்கள், யார் திட்டுகிறார்கள் என்று பார்க்கவில்லை. தானாக நின்றன.

“ஒரு அடி எடுத்து வச்சீங்க, தொலைச்சுப்புடுவேன்! டேய் கருத்தான், வாயைப் பாத்துக்கிட்டு நிக்காதே! பாறை மேல ஏறு! கொடியை அறுத்துக் கீழே விடு! அண்ணே, ஆடாதீங்க! ஆட ஆட உள்ளே போவீங்க! கொடியை அலகால கவ்விக்கோங்க!”

கருத்தான் கொடியை விட்டான். சிங்காரம் கவ்வினான். மேலிருந்து குரங்குக் கூட்டம் மொத்தமும் இழுத்தது. சேறு அவனை விட்டது, ஆனால் தோகையை விடவில்லை. மொட்டை வாலும் சேறு அப்பிய உடம்புமாய்ச் சிங்காரம் விளிம்பில் வந்து விழுந்தான். அவன் கண்ணெதிரே, பாறையில், அவனே வரைந்த முகங்கள் எல்லாம் வாடிக்கொண்டிருந்தன.

மரகதம் காலியாகக் கிடந்த சேற்றோரத்தைப் பார்த்தாள்.

“தினம் இந்த இடத்துல திட்டுவாளே, கிழவி... என்னைப் பிடிக்காமத்தான் திட்டறான்னு நினைச்சேனே!” என்று சொல்லி அழுதாள். அழுகை எல்லாரையும் தொற்றிக்கொண்டது. பொம்மி அழவில்லை. வெள்ளை மண் எடுக்கக் குளத்துப் பக்கம் போய்விட்டாள்.

அவள் திரும்பி வந்தபோது, சிங்காரம் பாறையைச் சுத்தமாகக் கழுவி வைத்திருந்தான். தன் முகத்தைத்தான் முதலில் அழித்தான் என்று கருத்தான் பிற்பாடு எல்லாரிடமும் சொன்னான்.

“பொம்மி, நீ வரை. அவ இருந்த மாதிரியே வரை. மாலையாவது நான்...” என்று இழுத்தான் சிங்காரம்.

“கையை வச்சீங்க, பாருங்க!” என்றாள் பொம்மி.

இந்த முறை வண்ணத்தைக் குழைத்துக் கொடுக்கக் கரடி இருந்தது. ஈரத்தில் இலை விழாமல் குரங்குகள் மேலே வரிசையாகக் கை நீட்டி நின்றன. பொம்மி வரைந்தாள். சிலிர்த்த முள், உருட்டிய கண், திறந்த வாய். வரைந்து முடித்துவிட்டுக் கீழே இறங்கினாள். ‘திட்டு அக்கா, நல்லாத் திட்டு!’ என்று சொல்லிக்கொண்டபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

அடுத்து வந்த கோடையில், சேற்றை மூடிய இலை இன்னும் அப்படியே கிடந்தபோது, எங்கோ தண்ணீர் வற்றிப்போன காட்டிலிருந்து ஒரு மான்கூட்டம் குளத்தைத் தேடி ஓடி வந்தது. தாகம் தாங்காமல் குட்டிகள் முன்னால் பாய்ந்தன. அந்தக் காட்டுப் பேச்சும் தெரியாது, பாதையும் தெரியாது. பாறையை ஏறிட்டுப் பார்த்தவை அப்படியே காலை ஊன்றி நின்றன.

“அம்மா! யாரோ திட்டறாங்க!” என்று ஒரு குட்டி தாயின் பின்னால் ஒளிந்தது.

“ஓரமாப் போகச் சொல்றாங்கடா, வா,” என்று தாய்மான் குட்டிகளைத் திருப்பிக்கொண்டு பாதையோடு போனாள்.

ஆகவே குழந்தைகளே, பெரியவர்களே, நம்மேல் அக்கறை கொண்டு கடிந்தவர்கள் போன பிறகு அவர்களை அழகாக்கி நினைப்பதைவிட, உள்ளபடியே நினைப்பதுதான் அவர்களுக்கு மரியாதை, நமக்கும் காவல்.