கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி

வங்கியிலிருந்து விருப்ப ஓய்வு பெற்ற இன்னாசி, மென்பொருள் எழுதக் கற்றுக்கொள்ள ஒரு குருவைத் தேடினார். கிடைத்த குரு அவரைவிடப் பத்து வயதுக்கு மேல் இளையவர். பவளக்கொடி என்று பெயர். பாளையங்கோட்டையில் ஒரு டயர் கடைக்கு மேலே இரண்டு அறைகளை வைத்துக்கொண்டு, கணினிக்குச் சின்னச் சின்ன ஒத்தாசை செய்யும் மென்பொருள்களை எழுதி வந்தார். இன்னாசி அவரை டீச்சர் என்று கூப்பிட்டார். டீச்சர் இன்னாசியை சார் என்றார்.

அந்த அறைகளில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் எழுதும் மென்பொருள் முதலில் அவருடைய கணினியிலேயே ஓட வேண்டும். அதற்குப் பிறகுதான் அது படியிறங்கும்.

"உப்பு பாக்காம பந்திக்கு அனுப்பக் கூடாது சார்" என்பார் டீச்சர்.

விளக்குப் போட்ட பிறகும் இன்னாசி வீட்டுக்குக் கிளம்ப மாட்டார். திரையின் மூலையில், கடிகாரத்துக்குப் பக்கத்தில், ஒரு பழைய அரட்டை மென்பொருளின் ஐகான் இருந்தது. அதில் அவருக்கு ஒரே ஒரு தொடர்பு, மகன் அமலன். கனடாவில் பொழுது விடிந்து அவன் கணினியைத் திறந்தால், இங்கே அந்த ஐகானின் ஓரத்தில் ஒரு பச்சைப் புள்ளி ஏறும். அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் இன்னாசி செருப்பைத் தேடுவார்.

அவர் அதைச் சொடுக்கியதில்லை. சொடுக்கினால் ஏதாவது எழுத வேண்டும்.

பிள்ளை பிறக்கும் முன்பே, ஆணாக இருந்தால் சாமியாராக்குவதாக மாதாவிடம் நேர்ந்துகொண்டவர் அவர். அமலனும் குருமடத்துக்குப் போனான். குருப்பட்டம் வாங்கும் முன்பே ஒரு பெட்டியுடன் திரும்பி வந்து, "என்னால முடியலப்பா" என்றான்.

"மாதாவுக்குக் கொடுத்த வாக்கை மிதிச்சவன் என் வாசப்படியை மிதிக்கக் கூடாது" என்றார் இன்னாசி.

அவன் மிதிக்கவில்லை. ஆனால் இவரைத் தன் தொடர்பிலிருந்து எடுக்கவும் இல்லை. இருவருக்கும் நடுவில் மிஞ்சியது அந்தப் புள்ளி ஒன்றுதான்.

ஒரு நாள் அச்சகம் வைத்திருக்கும் பீர்முகமது மூச்சிரைக்கப் படியேறி வந்தார்.

"டீச்சர், ஸ்க்ரீன் மூலையில மணி பாக்க முடியல. அவ்வளவு ஐகான். பிரிண்டருக்கு ஒண்ணு, வைரஸைப் பிடிக்க ரெண்டு, அப்டேட் கேட்டு நச்சரிக்குறது நாலு. மிச்சமெல்லாம் யாரு எவருன்னே தெரியல. அன்ரிசர்வ்டு பெட்டி மாதிரி இருக்கு."

"இறக்கி விட்டுருவோம்" என்றார் டீச்சர். வேலையை இன்னாசியிடம் கொடுத்தார்.

இன்னாசி கேட்டார்: "எது வேணும், எது வேண்டாம்னு எப்படி டீச்சர் முடிவு பண்றது?"

"நீங்க எப்படி முடிவு பண்றீங்கன்னு பாப்போம்."

அவர் யோசித்து எழுதிக்கொண்டு வந்தார். டீச்சர் திரையை எட்டிப் பார்த்தார். மூலையில் புதிதாக ஒரு குட்டித் துடைப்பம் நின்றது.

"இது யாரு?"

"நம்ம புரோகிராமோட ஐகான் டீச்சர்."

"கூட்டத்தைக் குறைக்க வந்தவரும் துண்டு போட்டு இடம் பிடிச்சிட்டாரா?"

இன்னாசி சிரித்துக்கொண்டே துடைப்பத்தை எடுத்தார். டீச்சர் கேட்டார்: "உள்ளே என்ன விதி வச்சிருக்கீங்க?"

"ஒரு மாசமா யாரும் தொடாத ஐகானை, அதோட புரோகிராமையும் சேர்த்து மூடிடும்."

"தொடலைன்னா தேவையில்லைன்னு அர்த்தமா?"

"வேற எதை வச்சு டீச்சர் அளக்கிறது? வேணும்னா கை தானா போகுமே."

டீச்சர் அவரைச் சற்று நேரம் பார்த்தார். "சரி. உங்க மெஷின்ல ஓட விடுங்க."

ஓட விட்டார். மாதம் முடிந்ததும் மூலையில் இருந்தவை ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. வங்கி நாட்களில் போட்டு மறந்த ஒன்று போயிற்று. எதற்கென்றே நினைவில்லாத இன்னொன்றும் போயிற்று. கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடித்த வீடு மாதிரி ஆகிவிட்டது என்று இன்னாசிக்கு ஒரே பெருமை.

மறுநாள் சாயங்காலம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மூலையைப் பார்த்தார். கடிகாரம் மட்டும் இருந்தது.

கண்ணாடியைக் கழற்றி மறுபடி துடைத்தார். மறுபடி பார்த்தார்.

மகன் தன்னை எடுத்துவிட்டான் என்றுதான் முதலில் நினைத்தார். பிறகுதான் உறைத்தது. எடுத்தவன் மகன் இல்லை, தான் எழுதிய மென்பொருள். அதைத் திரும்பத் திறக்கவும் அவருக்குக் கை வரவில்லை. திறந்து, அங்கே புள்ளி இல்லாமல் போனால்? கணினியை அப்படியே விட்டுவிட்டுப் படியிறங்கினார்.

காலையில் டீச்சர் கதவைத் திறக்கும்போது இன்னாசி வாசலில் நின்றார்.

"விதி தப்பு டீச்சர்."

"யாருக்குத் தப்பு?"

அப்போதுதான் அவர் அமலனைப் பற்றி வாய் திறந்தார். நேர்ச்சையைச் சொன்னார், பெட்டியைச் சொன்னார், வாசப்படியைச் சொன்னார்.

"ஒரு நாள்கூட நான் அதைப் பாக்காம போனதில்ல. அதைப் போய் தேவையில்லாததுன்னு மூடிடுச்சே."

"பாத்தீங்க. தொட்டீங்களா?"

"தொடல."

"அப்ப அது சொன்னபடிதான் செஞ்சிருக்கு."

"ஒரே ஒரு வரி சேர்த்தா போதும் டீச்சர். இதை மட்டும் விட்டுடுன்னு."

"தாராளமா. உக்காந்து எழுதுங்க."

இன்னாசி போய் உட்கார்ந்தார். அரட்டை மென்பொருளின் பெயரைத் தட்டினார், அழித்தார், சரிபார்த்து மறுபடி தட்டினார். கீழே டயர் கடையில் காற்றடிக்கும் சத்தம் கேட்டு நின்றது. எழுதி முடித்துவிட்டுத் திரும்பியவர் திடுக்கிட்டார். டீச்சர் நாற்காலிக்குப் பின்னாலேயே நின்றிருந்தார்.

"எப்ப வந்தீங்க?"

"நீங்க உக்காந்ததிலேர்ந்து இங்கதான் நிக்கிறேன்."

"ஒரு குரல் கொடுத்திருக்கலாமே."

"எதுக்கு? உங்களைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேனே."

"நல்லா இருக்கு டீச்சர். முதுகுலயா எனக்குக் கண்ணு இருக்கு? பாத்தா எனக்கு எப்படித்..."

இன்னாசி திரும்பித் திரையின் மூலையைப் பார்த்தார்.

டீச்சர் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

இன்னாசி தான் எழுதிய வரியைப் பார்த்தார். அதை முழுக்க அழித்தார். பிறகு அந்தப் பழைய அரட்டை மென்பொருளைத் திறந்தார். கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஐகான் வந்து உட்கார்ந்தது. புள்ளி இல்லை. கனடாவில் அப்போது ராத்திரி.

அவர் அம்புக்குறியை ஐகானின் மேல் கொண்டுபோய் வைத்தார். விரல் அமுங்கவில்லை.

"டீச்சர்."

"சொல்லுங்க."

"நான் இதைத் திறந்து வச்சிருந்தா அவன் ஸ்க்ரீன்லயும் பச்சைப் புள்ளி தெரியும் இல்லையா?"

"தெரியும்."

"இத்தனை நாளும் தெரிஞ்சிருக்கும்."

"ஆமா."

இன்னாசி திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்: "அவனும் சும்மா பாத்துக்கிட்டே இருந்திருப்பானா?"

டீச்சர் சொன்னார்:

"நேத்து அவன் திறந்தப்ப உங்க புள்ளி அங்கே அணைஞ்சு கிடந்திருக்கும் சார். அவன் பதறினானா இல்லையான்னு என்கிட்டயா கேப்பீங்க?"