நிற்காத சிலை

“நிக்கவே மாட்டேங்குது,” என்றான் பௌலூசி.

உலாயு அரத்தைக் கீழே வைக்கவில்லை.

வடகோடியில், பனிக்கடல் ஓரத்து ஊர் அது. அங்கே கல் செதுக்குகிற எல்லோருக்கும் உலாயுதான் குரு. பௌலூசியைவிட ஆறு வயது இளையவள். இவளிடம் போய்க் கற்றுக்கொள்வதா என்று அவனுக்கு முதலில் கொஞ்சம் வீம்பு இருந்தது. அவள் செதுக்கிய கடல்நாயைக் கையில் வாங்கிப் பார்த்த அன்றே அது போய்விட்டது.

“எது நிக்க மாட்டேங்குது அண்ணே?”

அவன் சிலையைப் பலகைமேல் வைத்தான்.

சாண் உயரம். கரும்பச்சை மாக்கல். ஒரு தாய், அவள் அங்கியின் முதுகுப் பைக்குள் ஒரு குழந்தை. அந்த ஊரில் பிள்ளையை அப்படித்தான் சுமப்பார்கள். தாயின் முகம் அச்சு அசல் நிவியாக். பௌலூசியின் மனைவி. மூன்று மாதம் முன்பு காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள்.

கையை எடுத்ததும் சிலை இடப்பக்கம் சாய்ந்தது. பிறகு வலப்பக்கம். விழவும் இல்லை, நிற்கவும் இல்லை.

“அடியை ஏழு தடவை அராவியாச்சு. இன்னும் அராவினா அவளுக்குக் காலே இருக்காது.”

“இப்பவே முழங்கால்தான் மிச்சம்,” என்றாள் உலாயு.

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. உட்கார்ந்தான். எழுந்தான். உளியை எடுத்தான். எதற்கு எடுத்தோம் என்று தெரியாமல் திரும்ப வைத்தான்.

“நாளைக்குப் படகு வருதும்மா. பிள்ளையை எங்கக்கா தூக்கிட்டுப் போறா. அவ ஊர்லயே வளரட்டும்னு பேசி முடிச்சாச்சு. இதையும் கூட அனுப்பணும். பெத்தவ முகம் பிள்ளைக்குத் தெரிய வேண்டாமா?”

“பிள்ளையை ஏன் அனுப்புறீங்க?”

“என்கிட்ட தூங்க மாட்டேங்குறா. கிடத்தினாலும் அழுகை, மடியில வெச்சாலும் அழுகை. எனக்கும் நிவியாக் போனதிலேருந்து ஒரு இடத்துல கால் தரிக்கல. அப்பனே இப்படி அல்லாடினா பிள்ளை எப்படித் தூங்கும்?”

சொல்லி வைத்தாற்போல வீட்டுக்குள்ளிருந்து அழுகை கேட்டது. கல்தூசி ஆகாதென்று குழந்தையை உள்ளே கிடத்தியிருந்தார்கள்.

உலாயு எழுந்து போனாள். வரும்போது ஒரு கையில் குழந்தை, மறு கையில் ஓர் அங்கி. நிவியாக்கின் அங்கி. மடிப்பு பார்த்துச் செதுக்குவதற்காக அவன்தான் கொண்டுவந்து வைத்திருந்தான்.

“போடுங்க.”

“இது பொம்பளைங்க போடுறது.”

“தெரியும். போடுங்க.”

குரு சொன்னால் மறுக்க முடியுமா? போட்டான். தோளில் பிடித்தது. கை முழங்கையோடு நின்றது. உலாயு குழந்தையை முதுகுப் பைக்குள் இறக்கினாள். அழுகை இப்போது நேராக அவன் காதுக்குள்ளேயே கேட்டது.

“சிலை நிக்க வழி கேட்டு வந்தா, நீங்க என்னடான்னா...” அவன் பலகைக்கும் வாசலுக்குமாக நடந்தான்.

“அதைத்தான் பாத்துட்டிருக்கேன். ஒண்ணு சொல்லுங்க. நிவியாக் முதுகுல பிள்ளையோட அசையாம நின்னு என்னைக்காவது பாத்திருக்கீங்களா?”

“அவளா? அவ எங்க நின்னா?” பலகை அருகே வந்தவன் அங்கேயே தங்கிவிட்டான். “தேநீர் போடும்போதும் ஆட்டம்தான். பக்கத்து வீட்டுக்காரிகிட்டப் பேசும்போதும் ஆட்டம்தான். இந்தக் கால், அந்தக் கால்னு மாத்தி மாத்தி... ‘தலை சுத்துதுடி, சும்மா நில்லேன்’னு நான்தான் திட்டுவேன்.”

கண்ணீர் தாடியில் இறங்கியது. துடைக்கத் தோன்றவில்லை.

உலாயு சிலையை விரலால் லேசாகத் தொட்டாள். அது இடப்பக்கம் சாய்ந்தது. வலப்பக்கம் சாய்ந்தது.

ஆனால் அவள் சிலையைப் பார்க்கவில்லை. அவன் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இடக்கால், வலக்கால் என்று வெகுநேரம் அவை மாறிக்கொண்டே இருந்தன. கரையில் அலைச் சத்தம் மட்டும் கேட்டது.

பிறகு அவள் அரத்தை எடுத்து, வேண்டுமென்றே உரக்கக் கேட்டாள்: “சரி அண்ணே, அடியை நானே அராவித் தர்றேன். நாளைக்குப் படகுல ஏத்திடலாமா?”

பௌலூசி உதட்டில் விரலை வைத்தான்.

“மெதுவாப் பேசுங்க. தூங்குறா.”