பின்னால் கட்டிய கை

"என்கிட்ட இருந்து எடுத்ததைத் திருப்பிக் கொடுங்க மேடம்."

வாசலில் நின்றபடியே கேட்டான் பரஞ்சோதி. கல்லூரியில் சமயவியல் இளங்கலை, கடைசி வருஷம். அக்கா செத்துக் காரியம்கூட இன்னும் முடியவில்லை.

பேராசிரியை ருகையா பரீட்சைத் தாள்களிலிருந்து நிமிர்ந்தார்.

"என்ன எடுத்தேன்?"

"அது தெரிஞ்சா வேற இடத்துல வாங்கிக்க மாட்டேனா?"

"உட்காருங்க."

"உட்கார வரலை."

இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயசு. எலுமிச்சை மண்டியில் தரகு பேசிக்கொண்டிருந்தவன், முப்பது தாண்டித்தான் கல்லூரிப் படி ஏறினான். மண்டியில் சாமி மேல் சத்தியம் பண்ணாத ஆளும் கிடையாது, பொய் பேசாத ஆளும் கிடையாது. யார்தான் இந்தச் சாமி, பார்த்துவிடலாம் என்று கிளம்பியவன்.

"போடா, பார்த்துட்டு வந்து எனக்கும் சொல்லு" என்று அனுப்பிவைத்தவள் அக்கா தெய்வானை.

முதல் நாளே ருகையா சொல்லிவிட்டார். எந்தச் சடங்கைப் பார்க்கப் போனாலும் பின்னால் நில்லுங்கள். கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். எதையும் தொடாதீர்கள்.

கோயில், தர்கா, தேர்ப்பவனி, எங்கே போனாலும் பரஞ்சோதி அப்படித்தான் நின்றான். அவனைப்போல் நிற்க வகுப்பில் ஆள் இல்லை.

"சுடுகாட்டுல வாய்க்கரிசி போடக் கூப்பிட்டாங்க மேடம். தம்பி எங்கே, தம்பி எங்கேன்னு கத்துறாங்க. நான் பின்னால நிக்கிறேன். கையைக் கட்டிக்கிட்டு."

"ம்."

"என்ன ம்? யார் எந்தக் கையால போடுறாங்கன்னு பார்த்துக்கிட்டு நின்னேன். என் அக்காவுக்கு! சித்தப்பா வந்து சட்டையைப் பிடிச்சு உலுக்குறாரு. ஊருக்கு ஊர் இது எப்படி மாறுதுன்னு நான் அவருக்கு விளக்கம் சொல்றேன்."

சொல்லி முடிப்பதற்குள் முகத்தின்மேல் வறட்டி வைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து அம்மா அவன் முகத்தைப் பார்ப்பதில்லை. அவனுக்கும் ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை.

"பட்டம் வேண்டாம். இத்தனை வருஷம் படிச்சதையும் நீங்களே வச்சுக்குங்க. ஒரே ஒரு அழுகை கொடுங்க. கட்டுப்படியாகாதா?"

"ஆகாது."

"ஏன்?"

"என்கிட்ட இல்லை."

மேசையை ஓங்கி அறைந்தான். தாள்கள் சிதறின. ருகையா குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினார்.

"நாளைக் காலையில வகுப்பு இடுகாட்டுக்குப் போகுது. வாங்க."

"இன்னொரு பிணத்தை வேடிக்கை பார்க்கவா?"

ருகையா தாள்களை அடுக்கத் தொடங்கினார்.

மறுநாள் காலை இடுகாட்டுக்குத் திட்டிக்கொண்டேதான் போனான்.

தூறல். பேருந்து நிலையத்தில் செத்துக் கிடந்த ஒரு பெண். தேடி யாரும் வரவில்லை. அடக்கம் செய்ய வந்திருந்தவர்கள் தொண்டு செய்யும் நாலைந்து பேர்.

"என்ன மதம்?" என்று கேட்டான் பரஞ்சோதி.

"சொல்லிட்டா செத்தாங்க?" என்றாள் மாலையோடு நின்றிருந்தவள். "தெரியாதவங்களுக்கு எல்லாத்தையும் செய்வோம். ஏதாச்சும் ஒண்ணு போய்ச் சேரட்டும்."

மெழுகுவத்தி தூறலில் அணைந்தது. ஒருவர் துஆ ஓதினார். தட்டில் கொஞ்சம் அரிசி.

யாரும் வர மாட்டார்கள் என்று தெரிந்தும், குழியில் இறக்குமுன் ஒருமுறை கூப்பிடுவது அவர்கள் வழக்கம்.

பரஞ்சோதி பின்னால் நின்றான். கை தானாகப் பின்னால் போய்க் கட்டிக்கொண்டது.

"சொந்தக்காரங்க யாராச்சும் இருக்கீங்களா?"

தூறல் விழும் சத்தம்தான் கேட்டது.

கட்டியிருந்த உள்ளங்கையில் என்னவோ விழுந்தது. ஈரமாக, சில்லென்று.

அரிசி.

திரும்பினான். ருகையா தள்ளிப்போய் நின்றிருந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வேறெங்கோ பார்த்தபடி.

"மேடம், இது..."

"சிந்துது பாருங்க."

விரல்களை மூடினான். கையை முன்னால் கொண்டுவந்தான். அப்புறம் கால்கள் நிற்கவில்லை, குழியை நோக்கி நடந்தன.

"இருங்க, இருங்க." மாலைக்காரி குறுக்கே வந்தாள். "நீங்க இவங்களுக்கு என்ன வேணும்?"

மண்டியே அதிரப் பேரம் பேசியவன், மறு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"தம்பி," என்றான்.