பின்பாட்டில் உட்கார்ந்த தலைவி

எட்டாம் வகுப்போடு முடிந்துவிடுகிற பள்ளிக்கூடம் அது. பிள்ளைகள் இருநூறு பேர்கூடத் தேறமாட்டார்கள். ஆனால் மன்றங்களுக்குப் பஞ்சமில்லை. செடி வளர்க்க ஒரு மன்றம், வினாடி வினாவுக்கு ஒன்று, வில்லுப்பாட்டுக்கென்றே ஒன்று. வெள்ளிக்கிழமை கடைசி மணி அடித்தால் போதும், ஒவ்வொரு மரத்தடியிலும் ஒரு கூச்சல் கிளம்பிவிடும்.

வில்லுப்பாட்டு மன்றத்தைப் பார்த்துக்கொண்டவர் சொர்ணத்தாய் டீச்சர். அளந்து பேசுகிறவர்.

மன்றம் ஆரம்பித்து மூன்று வருஷம். மூன்று வருஷமும் வில்லுக்கு முன்னால் உட்கார்ந்து கதை சொன்னது பவதாரணிதான். இப்போது எட்டாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். பிள்ளைகள் ஓட்டுப் போட்டு அவளையே மன்றத் தலைவி ஆக்கினார்கள். அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்கு நடந்தா போனாள்? கால் தரையில் பாவவே இல்லை.

மன்ற விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது டீச்சர் இடம் பிரித்தார்.

"வில்லுக்கு ஜெனிஷா. குடத்துக்கு முத்துக்குட்டி. பின்பாட்டு பவதாரணி."

ஜெனிஷா நாலாம் வகுப்பு. முன்பல் விழுந்து புதுப்பல் பாதிதான் எட்டிப் பார்த்திருந்தது. பின்பாட்டு என்றால், கதை சொல்கிறவருக்குப் பின்னால் உட்கார்ந்து ஒவ்வொரு வரிக்கும் 'ஆமா' போடுகிற வேலை.

முத்துக்குட்டி குடத்தை ஒரு தட்டுத் தட்டினான். "தலைவி அக்காவுக்கு ஆமா போடுத உத்தியோகம்."

"நீ உன் பானையைப் பாருல," என்றாள் பவதாரணி. சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக் கண்ணைக் கசக்கிக்கொண்டாள்.

எல்லோரும் போனபிறகு டீச்சரிடம் வந்து நின்றாள். டீச்சர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார்.

"டீச்சர், ஒண்ணு கேக்கட்டா?"

"கேளு."

"மன்றத்துக்குத் தலைவி நானா, ஜெனிஷாவா?"

"நீதான்."

"பெறகு எதுக்கு என்னையப் பின்னால உக்கார வச்சிய?"

டீச்சர் பேனாவை மூடவில்லை. "உக்காரு. ஒரு கதை சொல்லு. நான் ஆமா போடுதேன்."

"என்ன கதை டீச்சர்?"

"காலையில பள்ளிக்கூடத்துக்கு வந்தேல்லா, அந்தக் கதை."

பவதாரணி ஆரம்பித்தாள். "ஏழரைக்கு வீட்டுல இருந்து..."

"ஆமா," என்றார் டீச்சர், தாளைப் புரட்டிக்கொண்டே.

"கிளம்பினேன். பஸ் ஸ்டாப்புக்கு..."

"ஆமா."

"வந்தேன். பஸ் வரலை."

"ஆமா, ஆமா."

நாலாவது வரிக்குமேல் ஒன்றுமே வரவில்லை. "அவ்வளவுதான் டீச்சர்," என்றாள்.

டீச்சர் பேனாவை மூடினார். நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்து, அவள் முகத்தையே பார்த்தார்.

"மறுபடியும் சொல்லு."

"ஏழரைக்கு வீட்டுல இருந்து கிளம்பினேன்."

"ஆமா. தனியாவா?"

"இல்ல, தம்பியும் வந்தான். ஒரு கால்லதான் செருப்புப் போட்டிருந்தான்."

"அடப்பாவமே. இன்னொரு செருப்பு?"

"எதுத்த வீட்டு நாய் கவ்விட்டுப் போயிட்டு டீச்சர்."

"ஆமா. நாய் எங்க போச்சு?"

நாய் எங்கே போகவில்லை? வேலிக்குள் புகுந்தது. கோலம் போட்டுக்கொண்டிருந்த அத்தையைத் தாண்டிக் குதித்தது. தம்பி பின்னாலேயே ஓடிக் கோலத்தில் வழுக்கினான். பவதாரணி எழுந்து நின்று நாயாகவும் தம்பியாகவும் அத்தையாகவும் மாறி மாறி ஓடினாள். சிரித்துச் சிரித்து இருவருக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

டீச்சர் முந்தானையால் கண்ணைத் துடைத்தார். "ரெண்டு தடவையும் ஒரே பாதையிலதான வந்த?" என்று கேட்டுவிட்டு, விடைத்தாள் கட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

பாதி புரிந்தது பவதாரணிக்கு. மீதிப் பாதி நெஞ்சிலேயே கல்லாய்க் கிடந்தது.

அந்த வாரம் பூராவும் ஒத்திகை. தெரிந்த கதைக்கு ஆமா போடுவது லேசில்லை. ஜெனிஷா வரியை முடிக்குமுன்னே பவதாரணியின் 'ஆமா' முந்திக்கொண்டு விழும். ஜெனிஷா திகைத்துத் திரும்பிப் பார்ப்பாள். முத்துக்குட்டி, "அக்காவுக்குப் பஸ்ஸுக்கு நேரமாயிட்டு போல," என்பான். டீச்சர் முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொல்வார், அவ்வளவுதான்.

விழா நாளும் வந்தது. பந்தலென்ன, மைக்கென்ன, கலர்த்தாள் தோரணமென்ன. வினாடி வினா மன்றத்துப் பிள்ளைகள் மேடையில் பட்டுப்பட்டென்று பதில் சொல்லிக் கைதட்டு வாங்கினார்கள். செடி மன்றத்தார் கத்தரிக்காயைக் கூடையோடு தூக்கிக் காட்டினார்கள். அம்மாமார் எல்லாம் முன்வரிசையில் இடம் பிடித்திருந்தார்கள்.

மேடைக்குப் பின்னால் ஜெனிஷா பவதாரணியின் கையைப் பிடித்தாள். விரலெல்லாம் சில்லிட்டிருந்தது.

"அக்கா, சாமி கும்பிட்டுட்டேன். மூணு தடவை."

"ஒரு தடவை போதும்ளா. அவருக்கு நல்லாவே காது கேக்கும்."

தவளை மழையைத் தேடிப்போன கதை. ஊர்க்குளம் வற்றிப்போக, ஒரு குட்டித் தவளை மேகத்து வீட்டுக்கே நியாயம் கேட்கக் கிளம்புகிறது. ஜெனிஷா வீசுகோலை ஓங்கி வில்லில் போட்டாளோ இல்லையோ, மணியெல்லாம் குலுங்கிப் பந்தல் நிமிர்ந்து உட்கார்ந்தது. பனைமரம் ஏறியது தவளை. மயிலிடம் வழி கேட்டது. பவதாரணி உதட்டைக் கடித்துக்கொண்டு, வரி முடியும்வரை காத்திருந்து காத்திருந்து ஆமா போட்டாள்.

"மேகத்து வீட்டு வாசலுக்கு வந்துதே தவளை. கதவைத் தட்டுச்சே. தட்டுச்சே..."

வீசுகோல் அந்தரத்தில் நின்றுவிட்டது.

முத்துக்குட்டி குடத்தில் நாலு தட்டு கூடுதலாகத் தட்டிப் பார்த்தான். ஜெனிஷாவின் கழுத்துநரம்பு துடிப்பது பின்னால் இருந்த பவதாரணிக்குத் தெரிந்தது. முன்வரிசையில் ஜெனிஷாவின் அம்மா கைகுவித்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

அடுத்த வரி பவதாரணியின் நாக்கு நுனியில் நிற்கிறது. வரி மட்டுமா, முழுக் கதையும் நிற்கிறது.

"பவதாரணி, நீ எடுத்துப் பாடுளா," என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

மூன்று வருஷம் கேட்டுப் பழகிய கூட்டம். வாயைத் திறந்தால் போதும், கைதட்டு அவளுக்குத்தான்.

அவள் முன்னால் சாய்ந்தாள்.

"ஆமா. தட்டுச்சு. தட்டினா, கதவைத் திறந்தது யாரு? இடி மாமாவா?"

ஜெனிஷா திரும்பினாள். பவதாரணி அவள் முகத்தையே பார்த்தாள். அந்தக் கதையை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்கிறவள்போலக் கண்ணை அகல விரித்தாள்.

"இடி மாமா இல்ல," என்றாள் ஜெனிஷா.

"பெறகு? அவரு எங்க போனாரு?"

"அவரு... அவரு குறட்டை விட்டுத் தூங்குதாரு."

இது எழுதிக் கொடுத்த கதையிலேயே இல்லை. பந்தல் கொல்லென்று சிரித்தது. முத்துக்குட்டி குடத்தில் குறட்டைச் சத்தம் எழுப்பினான்.

"ஆமா. அப்ப, திறந்தது?"

"மின்னல் சித்தி," என்றாள் ஜெனிஷா. வீசுகோல் வில்லில் விழுந்தது. அதற்குப் பிறகு கதை யாருக்காகவும் நிற்கவில்லை. மழை கொட்டோ கொட்டென்று கொட்டிக் குளம் நிறைந்தபோது, முன்வரிசை அம்மாமார்கூட ஆமா போட்டுக்கொண்டிருந்தார்கள்.

கீழே இறங்கியதும் ஜெனிஷாவைப் பிள்ளைகள் தூக்கிவிட்டார்கள். அவள் நழுவி, பவதாரணியிடம் ஓடிவந்தாள்.

"அக்கா, பாத்தியளா? ஒரு வரிகூட மறக்காமச் சொல்லிட்டேன்."

"ஒரு வரிகூடவா?"

"நீங்க நடுவுல புதுசா ஒண்ணு கேட்டியல்லா, அதுக்கும் சொல்லிட்டேன்."

சொல்லிவிட்டு அம்மாவைத் தேடி ஓடிவிட்டாள்.

பவதாரணிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மூச்சிரைக்க மேடையேறினாள். டீச்சர் தனியாக ஜமுக்காளத்தை உதறிக்கொண்டிருந்தார்.

"டீச்சர், அவ மறந்தது அவளுக்கே தெரியலை டீச்சர்."

"தெரியலையா?"

"தெரியவே இல்லை. நான்தான் எடுத்துக் கொடுத்தேன். இவ்வளவு கூட்டத்துல அதை ஒரு ஆளுகூடக் கவனிக்கலை."

டீச்சர் ஜமுக்காளத்தின் ஒரு முனையை அவளிடம் நீட்டினார். இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மடித்தார்கள்.

"அவகிட்ட மட்டுமாவது நான் சொல்லட்டுமா டீச்சர்?"

"சொல்லு."

பவதாரணி அப்போதே போகத் திரும்பினாள்.

"இன்னைக்கு இல்லட்டி," என்றார் டீச்சர். "நாலு வருஷம் போகட்டும். அவளும் எட்டாப்புக்கு வருவா. தலைவி ஆவா. என்னைய எதுக்குப் பின்னால உக்கார வச்சியன்னு கேட்டு, கண்ணக் கசக்கிக்கிட்டு இங்க வந்து நிப்பா. அன்னைக்கு வந்து சொல்லு."