பேராச்சியம்மாளின் தோல் சீட்

மடத்துக்கு முறையான பெயர் ஒன்று உண்டு. அதை யாரும் சொல்வதில்லை. சைக்கிள் மடம் என்று கேட்டால்தான் அம்பாசமுத்திரத்தில் வழி காட்டுவார்கள்.

அங்கே சேருகிறவர்களுக்குக் காவித் துணி கிடையாது. மந்திரமும் கிடையாது. புதிதாக ஒரு தோல் சீட் தருவார்கள். பலகை மாதிரி இருக்கும்; உட்கார உட்காரத்தான் உடம்புக்கு ஏற்றபடி குழியும். அதைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு, தை மாதத்தில், பொருநை ஆற்றில் மொண்ட ஒரு செம்புத் தண்ணீரைக் கோடியக்கரைக் கடலில் கொண்டுபோய் ஊற்ற வேண்டும். வழி முழுக்க மிதிக்க வேண்டும்.

முடியாதவர்களுக்குப் பின்னால் அரிசி வேன் வரும். அதில் ஏறினால் யாரும் ஒரு சொல் சொல்ல மாட்டார்கள். ஆனால் ஏறியவரை அடுத்த பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிடுவார்கள். அங்கிருந்து வீடு. அடுத்த தைக்குத்தான் மடத்துக்குத் திரும்பி வரலாம்.

வேலாயுதம் வீட்டுக்குப் போக விரும்பவில்லை.

மின்வாரியத்தில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். பாளையங்கோட்டையில் சொந்த வீடு. அந்த வீட்டில் மனைவி கோமதியின் சேலைகள் இருந்தன, செருப்பு இருந்தது, மூக்குக் கண்ணாடி இருந்தது. கோமதி இல்லை. பேராச்சியம்மாள் பக்கத்தில் கொஞ்ச நாள் இருந்தால் எந்த வலியும் போய்விடும் என்று யாரோ சொன்னார்கள். வந்துவிட்டார்.

மடத்தை நடத்துகிற பேராச்சியம்மாளுக்கு அவரைவிட வயது மிகவும் குறைவு. முன்பு ஒரு பெண்கள் பள்ளியில் விளையாட்டு டீச்சராக இருந்தவர். மைதானத்தின் அந்தக் கோடி வரைக்கும் கேட்டுப் பழகிய குரல் அது. அதைத் தணிக்க அவருக்கு இன்னும் தெரியவில்லை.

யாத்திரைக்கு முன்பே வேலாயுதம் சீட்டோடு சண்டையைத் தொடங்கிவிட்டார்.

முதலில் எண்ணெய். சனிக்கிழமை தலைக்குத் தேய்த்த நல்லெண்ணெயில் மிச்சத்தைச் சீட்டுக்கும் தேய்த்து வெயிலில் வைத்தார். பேராச்சியம்மாள் அந்தப் பக்கமாக வந்தார். நின்றார்.

“சீயக்காயும் போட்டு விடுவீங்களா அண்ணாச்சி?”

“கொஞ்சம் இளகும்னு...”

“இளகும். அப்புறம் தூளி மாதிரி தொங்கும். அதுல பிள்ளையைத்தான் போட்டு ஆட்டணும். துடைங்க.”

பிறகு ஸ்பானர். சீட்டின் மூக்கை மேலே தூக்கிப் பார்த்தார். கீழே தாழ்த்திப் பார்த்தார். முன்னால் தள்ளினார், பின்னால் இழுத்தார். ஒரு மாற்றத்தில் கை வலித்தது, ஒரு மாற்றத்தில் முட்டி வலித்தது. உட்காரும் இடம் எல்லா மாற்றத்திலும் வலித்தது.

யாத்திரை கிளம்பி, தூத்துக்குடி உப்பளங்களைத் தாண்டுகிறவரை அவர் ஒவ்வொரு நிழலிலும் இறங்கினார். ஒவ்வொரு நிழலிலும் ஒரே கேள்வி.

“அம்மா, இது எப்பப் பழகும்?”

“பழகும்போது பழகும்.”

“அதான், எப்ப?”

“அண்ணாச்சி, சீட்டுக்கிட்ட கேளுங்க. நான் என்ன அதுக்கு வக்கீலா?”

வேம்பாருக்கு முன்னால், பனைமரங்களின் அடியில், வேலாயுதம் ஒரு துண்டை மடித்துச் சீட்டின்மேல் கட்டினார். துண்டுக்கு மேல் ஒரு சின்னத் தலையணை. தலையணைக்கு மேல் பிளாஸ்டிக் பை, வியர்வை படாமல் இருக்க. கட்டி முடித்தபோது உட்காருமிடம் உயர்ந்து, கால் பெடலுக்கு எட்டவில்லை.

வேனிலிருந்து டிரைவர் இசக்கியப்பன் தலையை நீட்டினான்.

“அண்ணாச்சி, அம்பாரி கட்டியாச்சா? யானை எங்க?”

மற்றவர்கள் சிரித்தார்கள். வேலாயுதமும் சிரிக்கப் பார்த்தார்.

“எதுக்கு இந்தப் பாடு?” என்றான் இசக்கியப்பன். “இங்க முன் சீட்டு காலியாத்தான் கெடக்கு. நல்ல ஸ்பஞ்சு. ஃபேன் வேற வச்சிருக்கேன்.”

“வண்டியப் பாத்து ஓட்டு” என்றார் பேராச்சியம்மாள். பிறகு வேலாயுதம் பக்கம் திரும்பி, “அவுத்துருங்க அதை. எல்லாத்தையும்” என்றார்.

வேலாயுதம் அவிழ்த்தார்.

அவர் கண் இப்போது வேறொன்றின்மேல் போயிற்று. பேராச்சியம்மாளின் சீட்.

அது புளியங்கொட்டை நிறத்தில் பளபளக்கும். நடுவில் இரண்டு குழிவு, பக்கத்துப் பக்கத்தில் வைத்த இரண்டு அகல் மாதிரி. மடத்தில் அந்தச் சீட்டைப் பற்றிப் பல பேச்சு உண்டு. அம்மா அதில் உட்கார்ந்தால் வலி தெரியாது, அம்மா அந்த நிலையைத் தாண்டிவிட்டார் என்பார்கள். விடியற்காலையில் செண்பகம் என்கிற அடியவள் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். இரண்டொருவர் அவளைப் பார்த்து அப்படிச் செய்யத் தொடங்கியிருந்தார்கள்.

பேராச்சியம்மாள் ஒருநாள் அதைப் பார்த்துவிட்டார்.

“கும்பிடறதுக்கு வேற இடமே கெடைக்கலையா உங்களுக்கு?” என்று கத்தினார். காக்கைகள் பறந்தன.

செண்பகம் அன்றிலிருந்து, அவர் குளிக்கப் போன நேரம் பார்த்துக் கும்பிட்டாள்.

தேவிபட்டினத்தில் தங்கிய மாலை, வேலாயுதம் சாப்பிடவில்லை. எல்லோரும் இருக்கும்போதே பேராச்சியம்மாள் முன்னால் வந்து நின்றார்.

“அம்மா, உங்க சீட்டை எனக்குக் குடுங்க.”

செண்பகம் கையிலிருந்த தோசையைத் தட்டில் வைத்துவிட்டாள்.

“ஒரே நாள். நாளைக்கு மட்டும். நான் வேன்ல ஏற மாட்டேன். வீட்டுக்குப் போக மாட்டேன். அதுக்குத்தான் கேக்கேன்.”

“அது என் உடம்புக்கு ஆனது அண்ணாச்சி.”

“அதுல ஏதோ இருக்கும்மா. எல்லாரும் சொல்லுதாங்க.”

பேராச்சியம்மாள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மைதானத்தில் ஓடத் தெரியாமல் ஓடுகிற பிள்ளையைப் பார்க்கிற பார்வை அது. அவர் பெருமூச்சு விட்டது வெளியில் நின்ற இசக்கியப்பனுக்குக் கேட்டது.

“கழட்டிக்கோங்க. உங்களோடதை என் வண்டியில மாட்டுங்க.”

மறுநாள் காலையில் வேலாயுதம் அந்தச் சீட்டில் உட்கார்ந்தார். தோல் அசைந்து கொடுத்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். கோமதி போனபிறகு அவர் முகத்தில் அப்படி ஓர் அமைதி வந்ததில்லை. செண்பகம் அதைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

திருப்பாலைக்குடி வருவதற்குள் அமைதி போய்விட்டது.

அவருடைய எலும்பு அந்தக் குழிவுகளில் விழவில்லை. இரண்டுக்கும் நடுவில் இருந்த மேட்டில் விழுந்தது. முன்னால் நகர்ந்தால் மூக்கு குத்தியது. பின்னால் நகர்ந்தால் இரும்பு இடித்தது. வெறும் பலகையிலாவது எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம். இங்கே இன்னொருவர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்.

ஆனால் அவர் அப்படி நினைக்கவில்லை. சீட் நல்ல சீட், குறை தன்னிடம் என்று நினைத்தார். எல்லோருக்கும் பலிப்பது தனக்கு மட்டும் பலிக்கவில்லை. தொண்டியைத் தாண்டியபோது தொடை உரிந்து எரிந்தது. கடல் பக்கத்திலேயே வந்துகொண்டிருந்தது. அவர் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

முன்னால் வெகுதூரத்தில் பேராச்சியம்மாள் போய்க்கொண்டிருந்தார். வேலாயுதத்தின் பலகையில்.

மாலையில் மணமேல்குடிக்கு அருகே ஒரு சத்திரத்தில் இறங்கினார்கள். வேலாயுதம் சைக்கிளைச் சுவரில் சாய்த்தார். நேராக வேனுக்குப் போனார். தன் பையை முன் சீட்டில் வைத்தார்.

“காலையில என்னைப் பஸ் ஸ்டாண்டுல விட்டுருப்பா.”

இசக்கியப்பன் அவர் முகத்தைப் பார்த்தான்.

“சரி அண்ணாச்சி.”

வேலாயுதம் சைக்கிளுக்குத் திரும்பி வந்து, தோல் சீட்டைக் கழற்றித் துண்டால் துடைத்தார். அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு பேராச்சியம்மாளைத் தேடிப் போனார்.

சத்திரத்தின் பின்பக்கம், அடிபம்புக்கு அருகில், பேராச்சியம்மாள் நின்றபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டு இடது கையில். பக்கத்தில் ஒரு சிமெண்ட் பெஞ்சு காலியாக இருந்தது.

“சீட்டைக் குடுத்திரலாம்னு வந்தேன்.”

“அங்க வைங்க.”

வைத்தார்.

“உக்காந்து சாப்பிடக் கூடாதாம்மா?”

“உக்கார முடிஞ்சா உக்கார மாட்டேனா?” குரல் சத்திரம் முழுக்க எதிரொலித்தது. “என்ன சீட்டு அது? உரல்ல உக்காந்து வந்த மாதிரி இருக்கு. அதுவும் மூக்கை அண்ணாந்து வச்சிருக்கீங்க, வானத்துல நட்சத்திரம் பாக்கவா? எந்த ஊர் இன்ஜினியர் இப்படி வைப்பான்?”

வேலாயுதம் திகைத்துப் போனார். திட்டு அவர் காதில் விழவில்லை.

“உங்களுக்கும் வலிக்குதா?”

“ஏன், எனக்கு மட்டும் அங்க ஞானம் முளைச்சிருக்கா?”

“இல்ல... எல்லாரும்...”

“எல்லாரும் சொல்லுவாங்க. என் இடுப்பைக் கேட்டுட்டா சொல்லுதாங்க?”

“அப்ப உங்க சொந்தச் சீட்டுல? அதுல வலிக்காதுல்லா?”

“அதுலயும் வலிக்கும். வேற மாதிரி வலிக்கும். ராமநாதபுரம் வரைக்கும் ஒண்ணும் தெரியாது. அதுக்கு மேல தெரியும்.”

வேலாயுதம் பெஞ்சின் ஓரத்தில் உட்காரப் போனார். உட்கார முடியவில்லை. எழுந்து நின்றார். இருவரும் காலி பெஞ்சின் இரண்டு பக்கத்திலும் நின்றார்கள்.

“அப்ப நான் எதுக்கும்மா இங்க வந்தேன்?”

“அதை நீங்கதான் சொல்லணும்.”

“போயிரும்னு சொன்னாங்க. உங்க பக்கத்துல இருந்தா போயிரும்னு.”

“எது?”

வேலாயுதம் பம்பைப் பார்த்தார். பம்பின் வாயிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“வீட்டுல கரண்ட் போனா அவ என்னைத்தான் திட்டுவா” என்றார். “‘உங்க ஆளுங்க என்ன செய்யுதாங்க’ன்னு அடுக்களையிலிருந்து ஒரு சத்தம் வரும். ரிட்டயர் ஆன பிறகும் விடலை. என் ஆளுங்க இல்லடி, நான் ரிட்டயர் ஆயாச்சுன்னு சொல்லுவேன். அதெல்லாம் எனக்குத் தெரியாது, போன் போட்டுக் கேளுங்கன்னுவா. இப்பக் கரண்ட் போகுது. ஃபேன் நிக்குது. நான் அடுக்களைப் பக்கம் பாக்கேன். சத்தமே இல்ல. திரும்ப கரண்ட் வார வரைக்கும் அப்படியே நிக்கேன்.”

பேராச்சியம்மாள் கையைக் கழுவவில்லை. தட்டைக் கீழே வைக்கவுமில்லை.

“அது எப்பம்மா நிக்கும்?”

“தெரியாது.”

“உங்களுக்கே தெரியாதா?”

“தெரியாது அண்ணாச்சி. தெரிஞ்சா சொல்ல மாட்டேனா? எத்தனை பேர் வந்து இதையே கேக்கீங்க! தெரிஞ்சுக்கிட்டு ஒளிச்சு வச்சிருக்கேன்னு நெனைக்கீங்களா?”

அந்தக் குரலில் எரிச்சல் இருந்தது. எரிச்சல் யார்மேல் என்று வேலாயுதத்துக்கு விளங்கவில்லை. ஆனால் பேராச்சியம்மாளின் கண் கலங்கியிருந்தது. அதை அவர் மறைக்கவும் இல்லை.

சத்திரத்துக்குள் செண்பகம் யாரையோ சாப்பிடக் கூப்பிட்டாள். இசக்கியப்பன் வேனின் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

“நான் காலையில போறேம்மா. பையை வேன்ல வச்சாச்சு.”

“சரி.”

“ஒண்ணே ஒண்ணு மட்டும் கேட்டுட்டுப் போறேன். இன்னைக்கு முழுக்க அந்தச் சீட்டுல எப்படி வந்தீங்க? என்னால உங்க சீட்டுலயே வர முடியலை.”

பேராச்சியம்மாள் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். வந்த பாதையை ஒருமுறை மனதில் ஓட்டிப் பார்ப்பதுபோல இருந்தது.

“உக்காந்தேன். வலிச்சுது. பெடல்ல எந்திரிச்சு நின்னு கொஞ்ச தூரம் மிதிச்சேன்.”

“அப்புறம்?”

“அப்புறம் மறுபடி உக்காந்தேன்.”

வேலாயுதம் மேலும் ஏதாவது வரும் என்று காத்திருந்தார். பேராச்சியம்மாள் பம்பை அடித்துக் கை கழுவத் தொடங்கிவிட்டார்.

இருட்டுவதற்கு முன்பு வேலாயுதம் வேன் பக்கம் போய்க் கதவைத் தட்டினார். இசக்கியப்பன் எட்டிப் பார்த்தான்.

“என்ன அண்ணாச்சி? அம்மா என்ன சொன்னாங்க?”

வேலாயுதம் முன் சீட்டிலிருந்த பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.