புங்கமரத்து நிழல்

வெயிலே ராஜாவாகிவிட்ட ஓர் ஊர். அங்கே பஸ் ஸ்டாப்பில் ஒரு புங்கமரம், அதன் அடியில் மல்லிகைக் கூடையோடு மாடத்தி. போன கோடையில் ஒரு கொத்தனார் அந்த மரத்துக்கு வந்து சேருமுன்பே ரோட்டில் சுருண்டு விழுந்து செத்தார்.

ஸ்மார்ட் சிட்டி இன்ஜினியர் ரம்பத்தோடு ஆட்களைக் கூட்டி வந்தார். "கண்ணாடியில நிழற்குடை கட்டியாச்சு. இனி மரம் எதுக்கு?"

"உள்ளே அடுப்பு மாதிரி காந்துதே ஐயா. என் பூவெல்லாம் வாடிரும்."

"என் நிழற்குடை வேண்டாம், இந்த மரந்தான் வேணும்னு சொல்ற ஆபீஸர் ஒருத்தரைக் காட்டு. விட்டுடறேன்."

"சரி, வெட்டுங்க ஐயா. முதல்ல உங்க காரை எடுக்கச் சொல்லுங்க, கிளை விழும்."

கார் மரத்தடியில்தான் நின்றது. இன்ஜினியர் டிரைவரை அதட்டினார். "வேற நிழலாப் பாத்து நிறுத்துய்யா!"

டிரைவர் ரோட்டை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். "எந்த நிழல்ல சார்?"

மாடத்தி பூத்தொடுத்தபடியே சொன்னாள், "ஆபீஸரைக் காட்டச் சொன்னீங்க. காட்டிட்டேன் ஐயா."

பஸ்ஸுக்கு நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். ரம்பம் திரும்பிப் போனது.

மறுநாள் மரத்தில் ஒரு பலகை தொங்கியது: 'அதிகாரிகள் வாகனம் நிறுத்துமிடம்.' மாடத்தி கூடையைத் தூக்கிக்கொண்டு கண்ணாடிக்குள் போய் உட்கார்ந்தாள். உச்சிப்பொழுது வருமுன்பே மல்லிகை கறுத்துவிட்டது.